இரட்டை விசிறி விமானம்

இந்த விமானத்தின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, அச்சடித்தவர்கள் தவறு செய்துவிட்டார்கள் என்றே எண்ணினேன். ஒவ்வோர் எஞ்சினிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விசிறிகள்! ஆனால் அது அச்சுப் பிழையன்று.

1965ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸ் நகரையடுத்த லெ பூர்ஜே விமானக் கண்காட்சியில் சோவியத் யூனியனின் அன்-22 வந்து இறங்கியது. கீவ் நகரில் ஒலெக் அந்தோனவ் என்னும் நிபுணரின் குழு அமைத்த இராணுவச் சரக்கு விமானம் அது. முதன்முதலாகப் பறந்து நான்கு மாதங்கூட ஆகவில்லை. அன்றைய உலகில் அதுவே மிகப் பெரிய விமானம். இறக்கையின் அகலம் 64 மீட்டர். சுமக்கும் எடை 80 டன். ஐந்து டன் யானைகள் பதினாறை ஏற்றலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்!

சரி, இரண்டு விசிறிகள் எதற்கு? விசிறி காற்றைப் பின்னே தள்ள, விமானம் முன்னே செல்கிறது. இது நாம் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி. ஆனால் அந்தக் காற்று நேராகப் போகாமல் முறுக்கிக்கொண்டு போகிறது. முறுக்குவதில் செலவாகும் சக்தி வீண்தானே? பின்னாலுள்ள விசிறி எதிர்த்திசையில் சுழன்று முறுக்கை நேராக்கி, அந்தச் சக்தியையும் உந்துதலாக மாற்றிவிடுகிறது. ஒவ்வோர் எஞ்சினுக்கும் 15,000 குதிரைத் திறன் என்றால், இந்த ஏற்பாட்டின் அவசியம் விளங்கும்.

இதற்கு ‘அந்தேய்’ என்று பெயர். தரையில் கால் பதிந்திருக்கும் வரை வெல்ல முடியாதவன் என்று கிரேக்கக் கதை கூறும் பூதத்தின் பெயர் அது. பறப்பதற்கு இப்படியொரு பெயரா என்று சிரித்தேன். ஆனால் பதினான்கு சக்கரங்களோடு இது செப்பனிடாத மண் தரையிலும் இறங்குமாம்!

போர்த் தளவாடங்களுக்கென்று பிறந்த இவ்விமானம் வேறொரு பணிக்கும் சென்றது. 1970 மே 31ல் பெரு நாட்டில் பெரும் பூகம்பம் நேர்ந்தது. மலையிலிருந்து சரிந்த பனியும் பாறையும் யுங்காய் நகரையே மூடின. கல்லறை மேட்டில், கிறிஸ்துவின் சுரூபத்தருகே ஓடி ஏறியவர்கள் பிழைத்தனர். அந்நாட்டுக்கு நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு ஐஸ்லாந்திலிருந்து புறப்பட்ட ஓர் அந்தேய், ஜூலை 18 அன்று அட்லாண்டிக் கடலின் மேல் மறைந்தது. அதில் சென்றவர் ஒருவரும் திரும்பவில்லை.