திருமலையிலிருந்து கொழும்புக்கு விமானம்: தூரமும் நேரமும் கணக்கிட முழுமையான வழிகாட்டி

கொழும்பில் வைத்தியரைப் பார்க்கவோ விசா நேர்முகத்துக்கோ போகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: எவ்வளவு நேரம் பிடிக்கும்? ரிக்கற்றில் போட்டிருப்பது பறக்கும் நேரம் மட்டும். வீட்டு வாசலிலிருந்து போகுமிடம் வரையான நேரத்தை நாம்தான் கணக்கிட வேண்டும்.

படி 1: எங்கே இறங்குகிறீர்கள்?

புறப்படுவது சீனக்குடா விமான நிலையம். இறங்குவது கட்டுநாயக்காவா இரத்மலானையா என்பதை முதலில் பாருங்கள். கட்டுநாயக்காவுக்கு நேர்கோட்டில் சுமார் 208 கிலோமீற்றர், இரத்மலானைக்குச் சுமார் 238.

படி 2: தூரத்தை நீங்களே கணக்கிடுங்கள்

சீனக்குடா வடக்கு 8.54, கிழக்கு 81.18 பாகையில் இருக்கிறது. இரத்மலானை 6.82, 79.89. வித்தியாசம் 1.72, 1.29. இலங்கைப் பகுதியில் ஒரு பாகை ஏறக்குறைய 110.5 கிலோமீற்றர். பெருக்கினால் வடக்கே 190, கிழக்கே 143. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 238 வரும். பாடசாலையில் படித்த பைதகரஸ் தேற்றமே போதும். கடல் மைலில் வேண்டுமானால் 1.852ஆல் வகுங்கள்: சுமார் 128.

இந்தக் கோட்டை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். குருநாகல், தம்புள்ளைக்கு மேலாகவே போகிறது. ஏ6 வீதியும் அந்த ஊர்களைத் தொட்டுத்தான் வருகிறது. அதனால்தான் வீதித் தூரம் 260 கிலோமீற்றர் அளவில் நின்றுவிடுகிறது. விமானம் மிச்சப்படுத்துவது தூரத்தை அல்ல, நேரத்தை.

படி 3: காற்றையும் சேருங்கள்

செஸ்னா கரவான் போன்ற சிறு விமானத்துக்கு மணிக்கு 300 கிலோமீற்றர் என்று வைத்தால் 238 கிலோமீற்றருக்கு 48 நிமிடம். ஆனால் கொழும்பிலிருந்து திருமலைக்குப் போகும் திசை வடகிழக்கு. வாடைக்காற்று அதே திசையிலிருந்து 30 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்த்து வீசினால் 53 நிமிடமாகும். திருமலையிலிருந்து கொழும்புக்கு வரும்போது அதே காற்று பின்னிருந்து தள்ள 43 நிமிடம் போதும். தென்மேல் பருவப்பெயர்ச்சியில் இது தலைகீழாகும். ஓடுபாதையில் நகர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் இன்னொரு பத்து, பதினைந்து நிமிடம் கூட்டுங்கள்.

படி 4: நிலத்தில் போகும் நேரம்

சீனக்குடா விமானப்படைத் தளம். வாயிலில் சோதனை உண்டு. தேசிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். நகரிலிருந்து உட்துறைமுகத்தைச் சுற்றி வர அரை மணித்தியாலம். கிண்ணியாக்காரருக்கு 2009இல் பாலம் திறந்தபின் பாதைப்படகுக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். இரத்மலானையில் இறங்கினால் காலி வீதி நெரிசலுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஆகமொத்தம் மூன்றரை மணித்தியாலம்.

படி 5: ஒப்பிட்டு முடிவெடுங்கள்

வான், கார் அல்லது பஸ்ஸில் சுமார் ஆறு மணித்தியாலம். இரவு ரயில் கல்லோயா, மாகோ வழியாகச் சுற்றிப் போவதால் எட்டு மணித்தியாலமளவில் பிடிக்கும். சிறு விமானச் சேவைகள் நாள்தோறும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. பணம் கட்டுமுன் அன்றைய புறப்பாட்டை உறுதிசெய்யுங்கள், பொதியின் எடை வரம்பையும் கேளுங்கள். மார்கழி மழையில் அதே நாள் விமானத்தை நம்பி வைத்தியரிடம் நேரம் எடுக்காதீர்கள். முதல் நாள் இரவு ரயிலில் ஏறிவிடுங்கள்.