தீயில் நிற்பதும் தீயில் நில்லாததும்



திருவேற்காட்டில் நம் மருத்துவமனையைக் காண வரும் சபையார் வார்டுகளையும் சிற்றாலயத்தையும் பார்த்து மகிழ்ந்து திரும்புகிறார்கள். அறுவை அரங்குக்குப் பின்னால் உள்ள கிருமிநீக்க அறையைக் காட்டும்படி யாரும் கேட்பதில்லை. உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு அங்கேதான் நீராவியாகிறது! அந்த அறையில் நடப்பது என்ன என்பதை இந்த இதழில் படிப்போம்.

1. முட்டை கற்பிக்கும் பாடம்

புரதம் என்பது ஒரு நீண்ட சங்கிலி. அது குறிப்பிட்ட விதமாக மடிந்தால்தான் தன் வேலையைச் செய்யும். முட்டையை வேகவைத்தால் அந்த மடிப்புகள் குலைந்து, வெள்ளைக்கரு கட்டியாகிறது. பிறகு எவ்வளவு ஆறவைத்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆட்டுக்கால் சூப்பிலும் இதுவே நடக்கிறது. எலும்பையும் தோலையும் இணைத்து நிற்கும் கொலாஜன் என்ற புரதம், மூன்று புரி கயிறு போன்றது. அந்த அமைப்பை 1954-55ஆம் ஆண்டுகளில் விளக்கியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நெடுநேரம் கொதிக்கும்போது அந்தப் புரிகள் பிரிந்துவிடுகின்றன. ஆறியபின் சூப் பசைபோல் உறைவது அதனால்தான்.

வைரஸ் என்பது மரபுப் பொருளைச் சுற்றிய ஒரு புரதக் கூடு. சில வைரஸ்களுக்கு அதன்மேல் கொழுப்பாலான போர்வையும் உண்டு. பூட்டுக்குச் சாவிபோல் அதன் மேற்புறப் புரதம் நம் உடலணுவோடு பொருந்தினால்தான் உள்ளே நுழைய முடியும். வளைந்த சாவி பூட்டைத் திறக்காது.

2. வெப்பமும் அழுத்தமும்

கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது. பெரும்பாலான வைரஸ்களுக்கு அது போதும். ஆனால் டெட்டனஸ் போன்ற நோய்க்கிருமிகளின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்திருக்கக் கூடும். அவற்றுக்காகவே ஆட்டோகிளேவ் இருக்கிறது. பாஸ்டரின் உடன் உழைப்பாளர் ஷாம்பர்லாண்ட் அதை 1879இல் உருவாக்கினார். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 டிகிரியை எட்டுகிறது. குறைந்தது 15 நிமிடம் அந்த வெப்பம் நிலைக்க வேண்டும்.

இங்கே அழுத்தம் கிருமியை நசுக்குகிறது என்று எண்ணிவிட வேண்டாம். அது நீராவியின் வெப்பத்தை உயர்த்துகிறது, அவ்வளவே. அழுத்தத்தால் மட்டுமே புரதத்தைக் குலைக்க ஆயிரக்கணக்கான வளிமண்டல அழுத்தம் வேண்டும். 1914இல் பிரிட்ஜ்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி அப்படியே, சூடேற்றாமல், முட்டை வெள்ளைக்கருவை உறையச் செய்தார்.

குக்கரில் ஆவி நன்றாக வந்தபின் வெயிட் போடும்படி நம் தாய்மார் சொல்வார்கள். ஆட்டோகிளேவிலும் அதே விதிதான். உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்தமானி 15 காட்டும், ஆனால் வெப்பம் 121ஐ எட்டாது. எனவேதான் ஒவ்வொரு பொட்டலத்திலும் நிறம் மாறும் பட்டை ஒட்டுகிறோம்.

3. இரசாயனங்கள்

தீயில் நிற்பதைத் தீயிலும், நில்லாததைத் தண்ணீரிலும் சுத்திகரிக்கும்படி எண்ணாகமம் 31ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அது சடங்குத் தீட்டைப் பற்றியது, கிருமியைப் பற்றியதல்ல. ஆயினும் எங்கள் அறையில் பொருட்களைப் பிரிப்பதும் அவ்வாறே. கத்திரியும் துணியும் நீராவிக்குப் போகின்றன. சூடு தாங்காத கருவிகள் குளுடரால்டிஹைடு கரைசலுக்குப் போகின்றன. அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து அசையாமல் செய்துவிடும். தரையில் சிந்திய இரத்தத்துக்கு குளோரின் கரைசல். கைகளுக்கு சோப்பு, அது வைரஸின் கொழுப்புப் போர்வையைக் கரைக்கிறது. ஆல்கஹாலில் 70 சதவீதமே சிறந்தது, ஏனெனில் புரதம் குலைய நீரும் வேண்டும்.

4. இந்தப் பாடம் எதற்கு?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் நம் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. அதற்குப் பின் எங்கும் பயம் பரவியது.

நாங்கள் ஊழியத்தைத் தொடங்கிய நாட்களில், வேறோர் ஊரின் மருத்துவமனையில், எச்.ஐ.வி. கண்ட ஓர் இளைஞரின் சாப்பாட்டுத் தட்டைக் காலால் தள்ளுவதைக் கண்டோம். கடிந்துகொள்ள எங்களுக்கு என்ன உரிமை? நாங்களும் வாசற்படியிலேயே நின்று ஜெபித்துவிட்டுத் திரும்பினோம். அவர் கையைப் பிடிக்கவில்லை.

அந்த வைரஸ் தொடுவதால் பரவாது. சோப்புக்கும் கொதிநீருக்கும் அது நில்லாது. அப்போதே இவை தெரிந்த உண்மைகள், நாங்கள்தான் கற்றுக்கொள்ளவில்லை. உலர்ந்த இரத்தத்தில் ஏழு நாள் வரை உயிர்ப்போடிருக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் அதைவிடக் கடினமானது. அதற்கும் ஆட்டோகிளேவ் போதும். எதை எது முறிக்கும் என்று அறிந்த செவிலியர் எந்த நோயாளியின் கட்டிலருகிலும் தயங்காமல் நிற்கிறார். இன்று நாங்களும் அவருக்கு அருகில் நிற்கிறோம்.

அடுத்த முறை வரும்போது கிருமிநீக்க அறையையும் காட்டச் சொல்லுங்கள்.

சிந்திக்க:
அ) அழுத்தமானி மட்டும் சரியாகக் காட்டினால் போதுமா? ஏன்?
ஆ) அறியாமையால் நாம் வாசலிலேயே நின்றுவிட்ட வீடு எது?