குடியை நிறுத்த எங்கே போவது? ராபர்ட்சன்பேட்டைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

விடியற்காலை இருட்டில் பெங்களூர் ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் பாருங்கள். யாரோ ஒருவர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருப்பார், அப்படியும் தளும்பும். அது குளிர் அல்ல. ராத்திரி குடித்தது இறங்கும்போது உடம்பு மறுபடி குடி கேட்கும் நடுக்கம்.

2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கச் சுரங்கம் மூடியபோது வேலை மட்டுமா போனது? சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்தவர்கள் நம்பியிருந்த மைன்ஸ் ஆஸ்பத்திரியும் போனது. இன்று கூலிக்காரருக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஒரு நாள் சம்பளம் நஷ்டம். 2019-ல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது. ஆகவே ‘எது பெரிய ஆஸ்பத்திரி’ என்று கேட்பதைவிட, ‘எங்கே நம்மால் விடாமல் போய்வர முடியும்’ என்று கேளுங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை

பல வருடம் தினமும் குடித்தவர் வீட்டில் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திய இரண்டு, மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம். இல்லாத பூச்சி ஊர்வதாகத் தெரியலாம். ஆள் அடையாளம் மறக்கலாம். இது உயிருக்கே ஆபத்து. குடியை விடக் கோயிலில் கயிறு கட்டுபவர்களும், சர்ச்சில் பொருத்தனை வைப்பவர்களும் முதலில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். வேண்டுதலுக்கு மருந்து தடையில்லை.

தொலைபேசி

14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இரவு பகல் பாராமல் தமிழிலும் பேசலாம். இரண்டும் இலவசம். வெளியே சொல்லக் கூச்சப்படும் பெண்களுக்கும், குடிக்கிற மகனை வைத்துக்கொண்டு தவிக்கும் தாய்க்கும் இதுதான் எளிதான தொடக்கம். ஆனால் நடுக்கத்தைப் போனில் தீர்க்க முடியாது.

ராபர்ட்சன்பேட்டை அரசு ஆஸ்பத்திரி

நடந்தே போகலாம், ரயில் செலவில்லை. கல்லீரல், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்க்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்த நாளில் வருகிறார் என்று ஓ.பி. சீட்டு தரும் இடத்தில் கேளுங்கள். மாதாமாதம் மாத்திரை வாங்க இதைவிட வசதி கிடையாது.

கோலார்

சுமார் 30 கிலோமீட்டர். எஸ்.என்.ஆர். மாவட்ட ஆஸ்பத்திரியும், டமகாவில் தேவராஜ் அர்ஸ் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. நடுக்கம் அதிகமானவர், முன்பு வலிப்பு வந்தவர், ரத்த வாந்தி எடுத்தவர் எல்லாம் படுக்கையில் இருந்தபடிதான் குடியை நிறுத்த வேண்டும். அவர்களுக்குக் கோலாரே சரி.

பெங்களூர் நிம்ஹான்ஸ்

இந்த மனநல ஆஸ்பத்திரியில் போதை மீட்புக்கென்றே தனி மருத்துவ மையம் உண்டு. கஞ்சா, ஊசி, மாத்திரைப் பழக்கம் உள்ளவர், குடியோடு மனநோயும் சேர்ந்தவர், இரண்டு மூன்று முறை விட்டு மீண்டும் தொட்டவர் ஆகியோர் இங்கே போகலாம். பி.பி.எல். கார்டை மறக்காதீர்கள்; கட்டணச் சலுகை உண்டு. முதல் நாள் முழுதும் வரிசையிலேயே போய்விடும். துணைக்கு ஒருவர் போவது நல்லது.

தங்கிப் பெறும் சிகிச்சை

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதில் முன்னோடி. குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை உண்டு. ஒரு மாத வருமானம் இல்லாமல் வீடு தாங்குமென்றால் யோசிக்கலாம். அருகில் தனியார் மையம் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா? டாக்டர் தினமும் வருகிறாரா? வீட்டார் வந்து பார்க்கலாமா? சங்கிலியில் கட்டுவதும் கட்டாய மொட்டையும் 2017 மனநலச் சட்டப்படி தடை. வேனில் வந்து தூக்கிப் போகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள்.

‘சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கும் மருந்தும் வேண்டாம். தெரியாமல் அதைச் சாப்பிட்டவர் அதன் மேல் குடித்தால் உயிரே போகலாம்.

ஏ.ஏ. கூட்டம்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம்தான் ஏ.ஏ. கட்டணம் இல்லை, ஊர் பேர் கேட்பதில்லை. குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் போதும். மருந்துக்கு மாற்று அல்ல, மருந்துக்குப் பின் ஊன்றுகோல். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு.

என் முடிவு

பெரும்பாலானவர்களுக்கு உள்ளூர் ஆஸ்பத்திரியில் தொடக்கம், ஆபத்து தெரிந்தால் கோலார், சிக்கல் இருந்தால் நிம்ஹான்ஸ், எல்லோருக்கும் ஏ.ஏ. கூட்டம். மறுபடி குடித்துவிட்டால் மானம் போனதென்று ஒதுங்காதீர்கள். சர்க்கரை ஏறினால் மறுபடி டாக்டரிடம் போவதில்லையா? அதே சீட்டை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள். கிளாஸ் தளும்பும் அந்தக் கையை வீட்டில் யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டு, இந்த வாரமே கிளம்புங்கள்.