துண்டுப்பிரசுரமும் ஒரு மாதத் தவணையும்

கேள்வி: எங்கள் பகுதிக் கிணற்று நீரில் ஒயில் கலந்துள்ளது, எவரும் குடிக்கவேண்டாம் என்று துண்டுப்பிரசுரம் அச்சிட்டு மருதனார்மடம் சந்தையடியில் விநியோகித்து, ஒலிபெருக்கியிலும் அறிவித்தேன். சனங்களைப் பீதிக்குள்ளாக்குவதாகக் கூறிப் பொலிஸார் இரண்டையும் பறித்து, இனிப் பேசக்கூடாதென்று வாய்மொழியாக எச்சரித்தனர். ஆறு கிழமையாகிவிட்டது. எனக்குப் பேச்சுச் சுதந்திரம் இல்லையா?
— வாசகர், மருதனார்மடம்

பதில்: உண்டு. அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை தரும் அச்சுதந்திரத்தைச் சுகாதாரம், பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காகக் கட்டுப்படுத்த 15ஆம் உறுப்புரை இடந்தரினும், அக்கட்டுப்பாடு சட்டத்தினால் விதிக்கப்பட்டதாயிருத்தல் வேண்டுமேயன்றி, ஓர் உத்தியோகத்தரின் வாய்மொழி சட்டமாகிவிடாது. எதிர்ப்பைக் காட்டி மேளமடிப்பதும் கருத்து வெளிப்பாடே என்று அமரதுங்க எதிர் சிறிமல் வழக்கில் உயர் நீதிமன்றம் 1993இல் தீர்த்திருக்கிறது. ஆயினும் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி அனுமதிப்பத்திரம் அவசியமாதலால், அதனைத் தாங்கள் பெற்றிராவிடின், பிரசுரத்தைப் பற்றி மாத்திரம் வாதிடுதலே விவேகம்.

எனினும் தங்கள் வழக்கைத் தீர்மானிப்பது இவை யாவுமல்ல, தவணையே. 126ஆம் உறுப்புரையின்படி உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றில் மனுச் செய்யவேண்டும். அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி கணக்கில் சேராது. முறையிட்டீர்களா என்பதைத் தாங்கள் எழுதவேயில்லை! பிரசுரத்தின் பிரதியுமில்லை, பொருள்களைக் கையேற்றதற்கான பற்றுச்சீட்டுமில்லை. உரிமைக்காகச் சந்தியில் நின்று பேசத் துணிந்தவர், அதே உரிமைக்காக ஆறு கிழமையுள் ஒருநாள் பஸ் ஏறி ஒரு சட்டத்தரணியிடம் செல்லாதது மிகுந்த வருத்தந்தருகிறது. தாமதத்துக்குத் தக்க நியாயம் காட்டாத மனு ஏற்கப்படுவது அரிது.

அனைத்திலும் பெரிய குறை, நீர்ப் பரிசோதனை அறிக்கை இல்லாமை. சுன்னாகம் மின்நிலையக் கழிவு ஒயில் வழக்கில் 2019 ஏப்ரல் 4ஆந் திகதி உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது உண்மையே. ஆனால் அத்தீர்ப்பு தங்கள் அயற்கிணற்றுக்கு இன்று ருசுவாகாது. ஆதாரமிருந்தும் வாய்மூடியிருப்பது எவ்வளவு பாதகமோ, ஆதாரமின்றி ஒரு குடும்பத்தின் ஒரே கிணற்றை நஞ்சென்று பிரசித்தப்படுத்துவதும் அவ்வளவு பாதகம். ஆகவே அறிக்கை கைக்கு வரும்வரை பிரசுரத்தை மறுபடி விநியோகிக்க வேண்டாம்.

இப்பதில் தாங்கள் எழுதிய விபரங்களை மாத்திரம் கொண்டு கூறப்பட்டது. உள்ள பத்திரங்கள் அனைத்துடனும் இக்கிழமையே ஒரு சட்டத்தரணியை நேரிற் கண்டு, அவர் கூறுமாறு நடந்துகொள்ளுங்கள்.