பாகூர் ஏரியில் ஒரு காலை

புதுவையிலிருந்து தெற்கே கடலூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் தவளக்குப்பம் என்னும் ஊர் உள்ளது. கிழக்கே சிறிது தொலைவில் வங்கக் கடல், அருகிலே சுண்ணாம்பாறு, மேற்கே நெல் வயல்களும் தோப்புகளும் ஏரிகளும். இவ்வூரில் எங்கள் பெரியப்பா வாழ்ந்து வருகிறார். அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். பொங்கல் விடுமுறையில் பெற்றோருடன் நானும் தம்பியும் சேலத்திலிருந்து அவர் இல்லம் சென்றிருந்தோம்.

கடற்கரைக்குச் செல்லவேண்டும் என்று தம்பி ஓயாது கேட்டுக் கொண்டிருந்தான். பெரியப்பா நகைத்து, "கடல் எங்கும் போய்விடாது. சின்னாட்களில் போய்விடும் விருந்தினர் சிலர் இங்கு வந்திருக்கின்றனர். நாளை வைகறையில் அவர்களைக் காணலாம்" என்றார்.

மறுநாள் இருள் பிரியுமுன் புறப்பட்டோம். பாகூரை அணுகியபோது முட்புதர் ஒன்றிலிருந்து உரத்த குரல் தொடர்ந்து எழுந்தது. "அது கௌதாரி. உலகமெங்கும் உள்ள பறவை அறிஞர் அதனை அழைக்கும் பெயரில் நம் புதுவையின் பெயர் அடங்கியிருக்கிறது, அறிவீர்களா?" என்று பெரியப்பா வினவினார். நாங்கள் வியப்புடன் அவரை நோக்கினோம்.

"பதினெட்டாம் நூற்றாண்டில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுவைக்குப் பியர் சொன்னெரா என்னும் இயற்கை ஆய்வாளர் வந்தார். தாம் இந்நாட்டில் கண்ட பறவைகளையும் விலங்குகளையும் பற்றி எழுதி, 1782-இல் நூலாக வெளியிட்டார். கிமெலின் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1789-இல் கௌதாரிக்குப் 'பாண்டிசெரியானஸ்' என்னும் சிறப்புப் பெயரை அமைத்தார். நம் மலைக்காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியோ சொன்னெராவின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஊன்றிப் பார்த்த ஒருவரது உழைப்பு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அழியவில்லை" என்றார் அவர்.

ஏரிக்கரை மீது ஏறினோம். புதுவைப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரியே ஆகும். தென்பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியாக இதனை வந்தடைகின்றது. பங்காரி, சிங்காரி என்னும் இரு நடனமாதர் நீர்வழி காண உதவினர் என்பது வழிவழி வந்த கதை.

கதிரவன் எழுந்தான். கரையோரச் சேற்றில் மடையான்கள் அசைவின்றி நின்றன. நெற்றியில் வெண்ணிறம் துலங்கும் நாமக்கோழிகள் நீரில் மிதந்தன. நீர்க்காகம் ஒன்று பட்டமரத்தில் சிறகுகளை விரித்து அமர்ந்திருந்தது. நீரில் மூழ்கி மீன் பிடிக்கும் அதன் இறகுகள் நனைந்துவிடுவதால், அவ்வாறு விரித்து உலர்த்துகிறதாம். நத்தைகுத்தி நாரையின் அலகுகள் மூடியபோதும் நடுவில் இடைவெளி இருந்தது. அலகு பழுதுற்றதோ என நான் ஐயுற்றேன். "பழுதன்று, நத்தையைப் பற்றி ஓட்டினின்றும் சதையை எடுப்பதற்கு அவ்வமைப்பு உதவுகிறது" எனப் பெரியப்பா விளக்கினார்.

ஏரியின் நடுவே ஒரு பெருங்கூட்டம். தொலைநோக்கியில் கண்டபோது அவை ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் என்பது தெரிந்தது. வடவாசியாவின் கடுங்குளிருக்கு அஞ்சி, பல்லாயிரம் கல் தொலைவைக் கடந்து வந்த விருந்தினர் இவையே!

அப்பொழுது தம்பி ஒரு பிழை செய்தான். பறவைகள் பறப்பதைக் காண விரும்பி, கரையிறங்கி ஓடி, கைகளை ஓங்கித் தட்டினான். கூட்டம் முழுவதும் பேரொலியுடன் மேலெழுந்தது. இருமுறை வட்டமிட்டு, அக்கரைக் கோரைகளுக்கு அப்பால் மறைந்தது. ஏரி வெறிச்சோடியது.

"எத்துணை அழகு!" என்றான் தம்பி.

பெரியப்பா சினவவில்லை. அவனை அருகில் அமர்த்தி, "தம்பி, நீ வெகுதூரம் நடந்து ஓரூருக்கு வந்து, பசியோடு இலைமுன் அமர்ந்திருக்கையில், ஒருவர் உன்னை எழுப்பி விரட்டினால் எவ்வாறிருக்கும்? இப்பறவைகள் பங்குனி, சித்திரையில் தம் நாட்டிற்குத் திரும்பவேண்டும். இங்கு உண்ணும் உணவே கொழுப்பாகி உடலில் சேர்ந்து, நெடும்பயணத்திற்கு எரிபொருள் ஆகிறது. வீணாக ஒருமுறை பறப்பினும் அந்தச் சேமிப்பில் ஒரு பகுதி குறையும். ஒருவர் கைதட்டுவது சிறு செயலே, வருவோரெல்லாம் தட்டினால்?" என்றார்.

தம்பி தலைகுனிந்தான். பிறகு அவனாகவே, "அவை திரும்பும்வரை அசையாமல் இருக்கலாமா, பெரியப்பா?" என்று கேட்டான். புன்னை மர நிழலில் அனைவரும் அமைதியாக அமர்ந்தோம்.

அவ்வேளையில் பெரியப்பா தாழ்ந்த குரலில் வேடந்தாங்கல் வரலாற்றைக் கூறினார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் சிலர் அவ்வூர் ஏரியில் பறவைகளைச் சுட்டனர். ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயல்களுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலம் ஊராருக்கு வழங்கினார். நாடு முழுவதற்குமான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது 1972-இல். ஊசுட்டேரி புதுவை அரசால் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது 2008-இல். சட்டங்களுக்கு நெடுங்காலம் முன்னரே, எழுத்தறியா உழவர் அறம் அறிந்திருந்தனர்!

ஒரு மணி நேரம் சென்றிருக்கும். முதலில் நான்கு நீலச்சிறகிகள் இறங்கின, பின்னர்ப் பத்து, பின்னர் எண்ணற்றவை. "ஆயிரம் என்று எழுதிக்கொள்ளட்டுமா?" எனத் தம்பி மெல்லக் கேட்டான்.

"கண்டதை மட்டுமே எழுது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணு, அப்பத்தும் எவ்வளவு இடத்தை அடைத்துள்ளன என்று பார், கூட்டம் அதனைப்போல் எத்தனை மடங்கு என்று கணக்கிடு" என்றார் பெரியப்பா. தம்பி அவ்வாறே கணக்கிட்டு, 'ஏறத்தாழ 340' எனக் குறித்தான்.

மாலையில் கடற்கரைக்கும் சென்றோம். ஆயினும் இரவில் தம்பி கேட்டது கடலைப் பற்றியன்று. "அடுத்த தையிலும் அவை வருமா, பெரியப்பா?" என்றான்.

"ஏரியில் நீரும் கரையில் அமைதியும் இருந்தால் வரும்" என்றார் அவர். நீரைக் காப்பதும் அமைதியைக் காப்பதும் யார் கடன் என்பதைத் தம்பி கேட்கவில்லை. அன்று காலையே அவன் அதனை அறிந்துகொண்டிருந்தான்.

பயிற்சி

1. கௌதாரியின் அறிவியற் பெயரில் புதுவையின் பெயர் இடம்பெற்ற வரலாற்றை எழுதுக.
2. வலசை வந்த பறவைகளை வீணாகப் பறக்கச் செய்தல் ஏன் தவறு?
3. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காத்தமைக்குக் காரணம் யாது?
4. உங்கள் ஊர் நீர்நிலையை ஒரு நாழிகை அமைதியாக நோக்கி, அங்குக் கண்ட பறவைகளைப் பட்டியலிடுக.