டி3 மாத்திரை தனியாக வேண்டுமா?

கேள்வி: என் உம்மாவுக்கு ஹஷிமோட்டோ தைராய்டு. தினமும் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறார். "உடம்பில் வேலை செய்வது டி3, மாத்திரையில் இருப்பதோ டி4. அதனால் பலனில்லை" என்கிறார் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர். டி3, செலினியம் மாத்திரைகள் வாங்கலாமா? சுற்றிலும் உப்பளம், வீட்டில் தினமும் மீன். பிறகு எப்படி இந்த நோய்?

– ஒரு வாசகி, அதிராம்பட்டினம்

பதில்: டி3, டி4 என்ற இரு தைராய்டு ஹார்மோன்களில் செல்களுக்குள் வேலை செய்வது பெரும்பாலும் டி3தான், அதுவரை உறவினர் சொன்னது சரி. ஆனால் அதை டி4-இலிருந்து உம்மாவின் உடம்பே தயாரித்துக்கொள்ளும். டி4-இல் அயோடின் அணுக்கள் 4. அவற்றில் ஒன்றைக் கழற்றி டி3 ஆக்குவது டிஅயோடினேஸ் என்ற நொதி. நோயில்லாதவர்களுக்கும் சுமார் 80 சதவீத டி3 தைராய்டுக்கு வெளியே இப்படித்தான் உண்டாகிறது. தைராய்டு இயங்காதவர்களுக்கு டி4 மட்டும் கொடுத்தாலே ரத்தத்தில் டி3 வந்துவிடுவதை, 1970-இல் பிரேவர்மன், இங்பார், ஸ்டெர்லிங் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள்.

இந்த நொதியில் 3 வகை. முதலாவது கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் அதிகம். மூன்றாவது வேறோர் அயோடினைக் கழற்றி ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும். கடும் நோயிலும் பட்டினியிலும் டி3 குறைவதில் இதற்கும் பங்குண்டு. இரண்டாவது மூளையிலும், அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் இருக்கிறது. பிட்யூட்டரி இதைக்கொண்டு தனக்கான டி3-ஐத் தானே தயாரித்து, ஹார்மோன் போதாவிட்டால் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச்-ஐ ஏற்றும். மருத்துவர் டிஎஸ்எச் பரிசோதனையைக் கேட்பது இதனால்தான்.

டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரமாகும். அளவு சீராக நிற்கும். டி3 மாத்திரையோ சட்டென்று ஏறி இறங்கும், நெஞ்சு படபடக்கும். டிஎஸ்எச் சரியாகியும் சோர்வு தீராத சிலருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. அதை ஹார்மோன் நிபுணர்தான் முடிவுசெய்ய வேண்டும். நொதிக்குச் செலினியம் தேவைதான், ஆனால் மீனும் முட்டையும் புழங்கும் வீட்டில் பொதுவாக அதற்குத் தனி மாத்திரை வேண்டாம்.

ஹஷிமோட்டோ அயோடின் குறைவால் வருவதல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறது. அயோடினைக் கோத்து ஹார்மோன் உருவாக்கும் பெராக்சிடேஸ் நொதியும் அதற்கு இலக்கு. இன்னொன்று: உப்பளத்திலிருந்து அப்படியே வரும் கல்லுப்பில் அயோடின் மிகமிகக் குறைவு. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006-இலேயே நாடு முழுவதும் தடை வந்தது. பக்கத்து உப்பளமென்று மூட்டையாக வாங்கிச் சமைக்காதீர்கள்.

மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். காபி, டீ அரை மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். நோன்பு மாதத்தில் எந்த நேரம் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். யார் என்ன சொன்னாலும் மாத்திரையை உம்மா தானாக நிறுத்த வேண்டாம்.