பாக்டீரியா போட்டா மட்டும் போதுமா?

போன செமஸ்டர் வைவாவில் ஒரு கேள்வி: "கெமிக்கல் இறங்கின மண்ணை எப்படிச் சுத்தம் பண்ணுவ?" "பாக்டீரியா போட்டா சாப்பிட்டுடும் சார்" என்றேன். "மண்ணுல ஏற்கெனவே கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கே, அது ஏன் சாப்பிடல?" என்றார். முழிச்சேன். அப்புறம் தேடிப் படிச்சதுதான் இது.

டிரை கிளீனிங்கில் பயன்படும் பிசிஇ, அதாவது டெட்ராகுளோரோஎத்திலீனை எடுத்துக்குவோம். தண்ணீரைவிட சுமார் 1.6 மடங்கு கனம். தரையில் சிந்தினால் நிலத்தடி நீர்மட்டத்தையும் தாண்டி ஆழத்துக்கு இறங்கிவிடும். தோண்டி எடுப்பது லேசான வேலை இல்லை.

இதில் 4 குளோரின் அணுக்கள் உண்டு. நாம் ஆக்ஸிஜனைச் சுவாசிப்பது போல, ஆக்ஸிஜன் இல்லாத மண்ணில் சில பாக்டீரியாக்கள் பிசிஇ-யைச் 'சுவாசிக்கும்'. ஒவ்வொரு படியிலும் ஒரு குளோரின் கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் சேரும்:

பிசிஇ → ட்ரைகுளோரோஎத்திலீன் → டைகுளோரோஎத்திலீன் → வினைல் குளோரைடு → எத்திலீன்

கடைசியில் வரும் எத்திலீன், காயைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். சிக்கல் நடுவில் இருக்கு. பல பாக்டீரியாக்கள் டைகுளோரோஎத்திலீனோடு நின்றுவிடும். அடுத்து வரும் வினைல் குளோரைடோ புற்றுநோய் உண்டாக்கும். வேலை அங்கே நின்றுபோனால், ஆரம்பித்ததைவிட நிலைமை மோசம்!

கடைசிப் படி வரை கொண்டுபோவதில் முக்கியமானது டீஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியா. ஆனால் இது எல்லா மண்ணிலும் இருக்காது. இல்லாத இடத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடுவதற்குப் பெயர் பயோஆக்மென்டேஷன்.

அமெரிக்காவின் டெக்சாஸில் கெல்லி விமானப்படைத் தளத்தில் 2000-ல் இதைச் சோதித்தார்கள். முதலில் மெத்தனால், அசிடேட் மட்டும் கொடுத்தார்கள். உள்ளூர் பாக்டீரியா டைகுளோரோஎத்திலீனோடு நின்றுவிட்டது. பிறகு டீஹாலோகாக்காய்டிஸ் உள்ள கேபி-1 என்ற கலவையை வெறும் 13 லிட்டர் செலுத்தினார்கள். 200 நாட்களுக்குள் முதல் மூன்று கெமிக்கலும் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே போயின, எத்திலீன் உருவானது.

வரிசையைக் கவனிங்க. ஆக்ஸிஜன் பட்டால் டீஹாலோகாக்காய்டிஸ் பிழைக்காது. அதனால் முதலில் உணவு கொடுத்து, உள்ளூர் பாக்டீரியா ஆக்ஸிஜனைத் தீர்க்கும்வரை காத்திருக்கணும். அப்புறம்தான் புதியதை இறக்கணும். இறக்கிய பிறகும் வினைல் குளோரைடு, எத்திலீன் இரண்டையும் அளந்துகொண்டே இருக்கணும். பிசிஇ குறைந்ததை மட்டும் பார்த்து சந்தோஷப்படக் கூடாது.

வைவாவில் இனி கேட்டால் என் பதில்: "எந்தப் படியில நிக்குதுன்னு முதல்ல பார்ப்பேன் சார்."